ஆங்கிலம் வாங்கிய கடன்: சொற்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பேச்செடுத்தால் என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் போட்டுவைக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ‘கேஷ்’ பற்றிய கேள்வியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

ஆங்கிலத்தில் எத்தனை பங்கு கடன் சொற்கள்?

எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். 1973இல் சுமார் 80,000 சொற்கள் கொண்ட ஓர் ஆங்கில அகராதியைக் கணினி உதவியோடு அலசிப் பார்த்தார்கள். லத்தீனிலிருந்து வந்தவை நூற்றுக்கு 28, பிரெஞ்சிலிருந்து 28, கிரேக்கத்திலிருந்து 5 சொச்சம். ஆங்கிலம் பிறந்த ஜெர்மானியக் குடும்பத்துக்கு மொத்தமே 25தான் கிடைத்தது.

ஆனால் அகராதியை மூடிவிட்டு இரண்டு பேர் பேசுவதைக் கேட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். ‘ஐ’, ‘யூ’, ‘அண்ட்’, ‘ஆஃப்’, ‘கோ’, ‘கம்’ என்று வாயில் அதிகம் புரளும் முதல் நூறு சொற்களை எடுத்தால் ஏறக்குறைய அத்தனையும் பரம்பரைச் சொத்து. சுவரும் கூரையும் சொந்தம். உள்ளே இருக்கும் தட்டுமுட்டுச் சாமான்களில் பாதிக்கு மேல் அடுத்த வீட்டுடையது.

அந்த முதல் நூறிலும் கடன் உண்டா?

உண்டு. அதிலும் யாரும் கடன் வாங்கத் துணியாத இடத்தில். ‘தே’, ‘தெம்’, ‘தேர்’ என்ற பிரதிப்பெயர்கள், ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழி வந்த வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தவை. பழைய ஆங்கிலத்தில் ‘அவர்கள்’ என்பதற்கான வடிவங்கள் ‘அவன்’, ‘அவனை’ என்பவற்றின் வடிவங்களோடு ஒலியில் நெருங்கிப்போய்க் குழப்பம் தந்தன. பக்கத்தில் குடியேறியிருந்த நார்ஸ்காரரின் சொல் தெளிவாக இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். ‘நைஃப்’, ‘டேக்’, ‘லா’, ‘ஹஸ்பண்ட்’, ‘ஸ்கை’ எல்லாம் அதே வழிதான். ‘ஷர்ட்’, ‘ஸ்கர்ட்’ இரண்டுக்கும் ஒரே வேர். ‘ஷ’ ஆங்கிலத்தின் நாக்கு, ‘ஸ்க’ நார்ஸ் நாக்கு.

‘விண்டோ’வும் நார்ஸ்தான். ‘விந்த்’ காற்று, ‘அவ்கா’ கண். காற்றுக்கண் என்று பொருள். பழந்தமிழில் அதற்குக் ‘காலதர்’ என்று பெயர்: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, ஒரே பொருளைப் பார்த்த இரண்டு மொழிகளுக்கு ஒரே யோசனை தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான். நாம் இன்று சொல்லும் ‘ஜன்னல்’ போர்த்துகீசியக்காரர்களின் ‘ஜனேலா’. நாமும் சும்மா இருக்கவில்லை.

சொந்தச் சொல் இருக்கும்போது வெளிச்சொல் எப்படி உள்ளே நுழைகிறது? சண்டை வராதா?

வந்திருக்கிறது. முட்டைக்குச் சண்டை வந்த கதையையே இங்கிலாந்தின் முதல் அச்சுக்காரர் வில்லியம் காக்ஸ்டன் எழுதிவைத்திருக்கிறார். 1490இல் தான் மொழிபெயர்த்து அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் சொல்கிறார்: தேம்ஸ் நதியில் புறப்பட்ட வணிகர்கள் சிலர் காற்று இல்லாமல் கரையில் இறங்குகிறார்கள். அதில் ஒருவர் ஒரு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட ஏதாவது கேட்கிறார், குறிப்பாக ‘எக்கஸ்’ வேண்டும் என்கிறார். வீட்டுக்கார அம்மாள், ‘எனக்கு பிரெஞ்சு தெரியாது’ என்றுவிட்டார். வணிகருக்குக் கோபம், ஏனென்றால் அவருக்கும் பிரெஞ்சு தெரியாது! கூட இருந்த இன்னொருவர் ‘ஐரன்’ என்று கேட்டதும் அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

‘ஐரன்’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல். ‘எக்’ வடக்கே நார்ஸ்காரர் குடியேறிய பகுதிகளிலிருந்து இறங்கி வந்தது. அந்த அம்மாள் சொன்னதுதான் மரபுப்படி சரி. ஆனால் ஜெயித்தது வணிகரின் சொல். எது நல்ல சொல் என்று யாரும் தீர்ப்புச் சொல்லி எடுத்த முடிவல்ல இது; எந்தச் சொல் அதிக ஊர் சுற்றியதோ அது நின்றது.

உயிரோடு இருக்கும்போது ‘கௌ’, தட்டுக்கு வந்ததும் ‘பீஃப்’. இது ஏன்?

1066இல் பிரான்சின் வடகரையிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரண்மனை, நீதிமன்றம், நிலப்பத்திரம் எல்லாவற்றிலும் பிரெஞ்சு ஏறி உட்கார்ந்தது. மாடு மேய்த்தவன் ஆங்கிலம் பேசினான், அதைச் சாப்பிட்டவன் பிரெஞ்சு பேசினான். அதனால்தான் ‘கௌ–பீஃப்’, ‘ஷீப்–மட்டன்’, ‘பிக்–போர்க்’ என்ற ஜோடிகள் என்று சொல்வார்கள். 1819இல் வால்டர் ஸ்காட் தன் நாவலில் ஒரு பாத்திரத்தின் வாயில் இதை வைத்த பிறகு இந்த விளக்கம் உலகப் பிரசித்தி ஆகிவிட்டது.

அடிப்படை சரி, ஆனால் கதை கொஞ்சம் அதிகமாகவே மெருகேறிவிட்டது. நார்மன்கள் வந்து பல நூற்றாண்டுகள் வரை ‘மட்டன்’, ‘பீஃப்’ என்று உயிருள்ள விலங்கையும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். கறிக்கு ஒன்று, விலங்குக்கு ஒன்று என்று பாத்தி பிரிந்தது மெல்ல மெல்ல.

எனக்கு இதைவிடச் சுவையாகத் தோன்றுவது இரட்டைக் கடன். நார்மன்களின் பிரெஞ்சில் ‘வ’ வரும் இடத்தில் பாரிஸ் பக்கத்துப் பிரெஞ்சில் ‘க’ வரும். ஆங்கிலம் முதலில் நார்மனிடம் ‘வாரண்டி’ வாங்கியது. பிற்பாடு இன்னொரு தடவை போய் ‘கேரண்டி’யும் வாங்கிவந்தது. ‘வார்டன்’, ‘கார்டியன்’ ஜோடியும் அப்படியே. ஒரே பொருளை இரண்டு கடையில் வாங்கி இரண்டுக்கும் வேறு வேறு வேலை கொடுத்துவிட்டது.

‘அல்’ என்று தொடங்கும் சொற்களெல்லாம் அரபியா?

எல்லாம் இல்லை. ‘ஆல்மோஸ்ட்’ சுத்தமான ஆங்கிலம். ஆனால் ‘அல்ஜீப்ரா’, ‘அல்காரிதம்’, ‘ஆல்கஹால்’ மூன்றும் அரபி வழிதான்.

‘அல்-ஜப்ர்’ என்றால் உடைந்ததைச் சேர்த்தல். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மி எழுதிய கணித நூலின் தலைப்பில் இருந்த சொல். சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் கழிந்து நிற்பதை மறுபக்கம் சேர்த்துச் சரிசெய்வதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். ஸ்பெயினில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவருக்கும் ‘அல்ஜெப்ரிஸ்தா’ என்று பெயர் இருந்தது. அவரும் உடைந்ததைச் சேர்க்கிறவர்தானே. நூல் லத்தீனுக்குப் போனபோது ஆசிரியரின் பெயரும் உருமாறி ‘அல்காரிதம்’ ஆயிற்று. தன் பெயர் ஒருநாள் கணினிக்காரர்களின் வாயில் பொதுச்சொல்லாகப் புழங்கும் என்று அந்த மனிதர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

‘ஆல்கஹால்’ தொடங்கிய இடம் கண்மை. ‘அல்-குஹ்ல்’ என்றால் கண்ணுக்கு இடும் நுண்ணிய கரும்பொடி. அது எந்த நுண்பொடிக்கும் பெயராகி, பிறகு ரசவாதிகளின் கையில் ‘வடித்தெடுத்த சாரம்’ என்று பொருள் மாறி, கடைசியில் திராட்சை மதுவின் சாரத்தோடு ஒட்டிக்கொண்டது.

‘ஸீரோ’வும் ‘சைஃபர்’ என்பதும் ஒரே சொல் என்பது பலருக்கு ஆச்சரியம் தரும். சமஸ்கிருத ‘சூன்யம்’ என்பதை அரபியர் ‘ஸிஃப்ர்’ என்று, அதாவது வெறுமை என்று, மொழிபெயர்த்தார்கள். அது இத்தாலி வழியாகப் போனபோது ‘ஸீரோ’. பிரெஞ்சு வழியாகப் போனபோது ‘சைஃபர்’.

‘மேகஸின்’ அரபியில் கிடங்கு. துப்பாக்கியில் தோட்டா அடைக்கும் பகுதிக்கும் அதனால்தான் அந்தப் பெயர். 1731இல் லண்டனில் தொடங்கிய ஓர் இதழ், பலதரப்பட்ட விஷயங்களின் கிடங்கு என்ற பொருளில் அதைத் தன் தலைப்பிலேயே போட்டுக்கொண்டது. பத்திரிகைகள் அன்றிலிருந்து மேகஸின்.

‘ஆரஞ்ச்’ தமிழ்ச் சொல்லா?

நேராக இல்லை. சமஸ்கிருத ‘நாரங்க’, பாரசீக ‘நாரங்’, அரபி ‘நாரஞ்ச்’, அங்கிருந்து இத்தாலியும் பிரான்சும், கடைசியில் இங்கிலாந்து. சமஸ்கிருதத்துக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தது ஒரு திராவிட மொழியாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். நம் ‘நாரத்தை’யின் முகச்சாயல் அதில் தெரிகிறது என்பது உண்மைதான்.

முன்னால் இருந்த ‘ந’ எங்கே தொலைந்தது? இத்தாலியிலும் பிரான்சிலும் ‘ஒரு’ என்பதற்கான ‘உன்’ என்ற சொல்லின் கடைசி எழுத்தோடு ஒட்டிப்போய்விட்டது. ‘உன் நாரஞ்ச்’ என்று சொல்லிச் சொல்லி, இரண்டு ‘ந்’ ஏன் என்று நாக்கு ஒன்றை விழுங்கிவிட்டது. ஆங்கிலத்துக்கு வந்தபோதே மொட்டையாகத்தான் வந்தது. இதே விபத்து ஆங்கிலத்துக்குள்ளும் நடந்திருக்கிறது: ‘ஏப்ரன்’ ஒரு காலத்தில் ‘நேப்ரன்’, ‘அம்பயர்’ ஒரு காலத்தில் ‘நம்பயர்’ மாதிரியான ஒலியோடு இருந்தது.

நிறத்துக்கு அந்தப் பெயர் வந்தது பழம் வந்த பிறகுதான். அதற்கு முன்பு ஆங்கிலேயருக்கு அது ‘மஞ்சள்சிவப்பு’.

அப்படியானால் உறுதியாகத் தமிழிலிருந்து போனவை எவை?

‘கட்டமரான்’ நம் கட்டுமரம். வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697இல் வெளிவந்த தன் பயண நூலில், சோழமண்டலக் கரையில் இப்படிச் சொல்கிறார்கள் என்றே எழுதியிருக்கிறார். இன்று ஆங்கிலத்தில் அது இரண்டு உடல்களை இணைத்த படகு. மரங்களைச் சேர்த்துக் கட்டிய நம் மிதவைக்கும் அதற்கும் பெயரைத் தவிரப் பொதுவாக அதிகம் இல்லை. ‘செரூட்’ சுருட்டு. ‘மல்லிகடானி’ மிளகுத் தண்ணீர். ‘கரி’ கறி. மாணிக்கமும் நீலமும் எந்தக் கனிமத்தின் வகைகளோ அந்தக் ‘கொரண்டம்’, நம் குருந்தம்.

‘டீக்’, ‘காயர்’, ‘கோப்ரா’ என்ற கொப்பரை, ‘ஜேக்ஃப்ரூட்’ ஆகியவை மலையாளக் கரையில் போர்த்துகீசியர் கேட்டு எடுத்துப்போனவை. தேக்கு, கயிறு என்று நமக்குச் சொந்தமாகத் தெரிந்தாலும் ஏற்றுமதி ஆன துறைமுகம் அதுதான். ‘மேங்கோ’வைப் பொறுத்தவரை மாங்காயா மாங்ஙாவா என்று பங்கு பிரிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. ‘ஜிஞ்சர்’ இவற்றையெல்லாம் விட மிகப் பழைய பயணி: இஞ்சி வேர், பாலி, சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் என்று இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலாக நடந்து ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது.

பெருமைப்பட முடியாத ஒன்றும் பட்டியலில் உண்டு. ‘பரையா’ என்று ஆங்கிலச் செய்திகளில் அடிக்கடி வருகிறதே, ஒதுக்கப்பட்டவர், ஒதுக்கப்பட்ட நாடு என்ற பொருளில், அது பறையர் என்ற சமூகத்தின் பெயர். எழுதுகிற வெளிநாட்டவருக்குப் பெரும்பாலும் அது தெரியாது. தெரிந்த நாம் அதே பொருளில் அதைக் கையாள்வது அசிங்கம்.

‘கேஷ்’ என்பது காசுதானே? ‘எய்ட்’ எட்டு, ‘ஒன்’ ஒன்று?

இல்லை, இல்லை, இல்லை. எனக்கு மாதம் ஒருமுறையாவது இந்தப் பட்டியல் யாராவது அனுப்பிவிடுகிறார்கள், அடியில் ‘தமிழன் என்றால் பகிரவும்’ என்ற வரியோடு.

‘கேஷ்’ கொஞ்சம் நுட்பமான வழக்கு, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு ‘கேஷ்’ உண்டு. கீழை நாடுகளில் புழங்கிய சின்ன நாணயத்துக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் ஒன்று. அது நம் காசுதான், போர்த்துகீசியர் வாய் வழியாகப் போனது. ஆனால் ‘கையில் ரொக்கமாகக் கொடு’ என்னும்போது வருகிற ‘கேஷ்’ வேறு. அது பிரெஞ்சின் ‘காஸ்’, இத்தாலியின் ‘காஸ்ஸா’, அதாவது பணப்பெட்டி. பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்துக்கு ஆகிவந்தது. ‘கேஷியர்’ அந்தப் பெட்டியின் பொறுப்பாளர்.

எட்டுக்கு வருவோம். இரண்டு சொல் உறவா என்று பார்க்க, இரண்டையும் காலத்தில் பின்னோக்கி இழுத்துக்கொண்டே போக வேண்டும். உறவு என்றால் போகப்போக நெருங்கும். ‘எய்ட்’ பழைய ஆங்கிலத்தில் ‘எயஹ்ட’; ஜெர்மனில் ‘அஃக்ட்’, லத்தீனில் ‘ஒக்டோ’, சமஸ்கிருதத்தில் ‘அஷ்ட’. பின்னால் போகப்போக நடுவில் ஒரு ‘க்’ எழும்புகிறது. நம் எட்டைப் பின்னோக்கி இழுங்கள்: எண்பது, எண்ணூறு, எண்திசை. வேர் ‘எண்’. அங்கே ‘க்’ இல்லை, ‘ண்’ இருக்கிறது. இன்றைக்கு ஒன்றாக ஒலிப்பவை பழைய காலத்தில் முகம் தெரியாதவை.

‘ஒன்’ இன்னும் சுலபம். பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’. முன்னால் கேட்கும் ‘வ’ ஒலியே 15ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்து ஒட்டியது. ‘அலோன்’, ‘ஒன்லி’ என்பவற்றில் பழைய உச்சரிப்பின் மிச்சம் இன்னும் கேட்கிறது.

ஒலியும் பொருளும் இரண்டுமே ஒத்துப்போனால்கூட அது சாட்சியாகாது. ஆஸ்திரேலியாவின் வடக்கு குவீன்ஸ்லாந்தில் ம்பபரம் என்று ஒரு மொழி இருந்தது. அதில் நாய்க்குப் பெயர் ‘டாக்’. ஆங்கிலத்திலிருந்து வாங்கியதல்ல, அந்த மொழிக்கென்று இருந்த ஒலிமாற்ற விதிகளின்படி தானாக விளைந்த சொல். பாரசீகத்தில் ‘பத்’ என்றால் கெட்டது, ஆங்கில ‘பேட்’ என்பதோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. சொல் எந்த வழியில், யார் வாயில், எப்போது போனது என்று காட்ட முடிந்தால்தான் கடன் நிரூபணம். கட்டுமரத்துக்கு டாம்பியர் சாட்சி. எட்டுக்கு யார்?

‘நியூஸ்’ என்பது நான்கு திசைகளின் முதலெழுத்து என்றார்களே?

‘நியூ’ என்பதன் பன்மை. புதியவை. பிரெஞ்சுக்காரர் ‘நூவெல்’ என்று சொல்வதைப் பார்த்து உண்டானது. முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் செய்வது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் பழக்கம். அதற்கு முந்தைய சொல்லுக்கு யாராவது இப்படி விளக்கம் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

‘கங்காரு’ என்றால் ‘எனக்குத் தெரியாது’ என்று பொருளாமே?

நல்ல நகைச்சுவை, பொய். 1770இல் ஜேம்ஸ் குக்கின் கப்பல் பவளத்திட்டில் மோதிச் சேதமாகி, ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் ஓர் ஆற்று முகத்தில் பழுது பார்க்க ஒதுங்கியது. அங்கிருந்த கூகு யிமிதிர் மக்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்ட சொல் அது. 1820இல் வேறொரு கப்பல்காரர் அதே இடத்துக்குப் போய்க் கேட்டபோது வேறு சொல் கிடைத்தது. அதிலிருந்து குக் ஏமாந்துபோனார் என்ற கதை கிளம்பிவிட்டது. 1970களில் மொழியியலாளர் ஜான் ஹாவிலேண்ட் அந்த மக்களோடு இருந்து ஆராய்ந்தார். ‘கங்குரு’ என்பது ஒருவகைப் பெரிய கங்காருவின் பெயர். இரண்டாமவர் கேட்டது ‘சாப்பிடக்கூடிய விலங்கு’ என்ற பொதுச்சொல். இருவரும் சரியாகத்தான் குறித்திருக்கிறார்கள்.

ஒரு சிற்றூரின் பெயர் உலகம் முழுக்கப் போன கதை ஏதாவது உண்டா?

‘கோச்’. ஹங்கேரியில் கோச் என்று ஒரு கிராமம். 15ஆம் நூற்றாண்டில் அங்கே நல்ல குதிரைவண்டி செய்தார்கள். ஊர்ப் பெயரே வண்டிக்கு ஆகி, ஐரோப்பா முழுக்க ஓடி, ஆங்கிலத்தில் ரயில்பெட்டி வரை வந்துவிட்டது. 1830களில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், பரீட்சை என்ற கரைக்குத் தங்களைச் சுமந்துபோய்ச் சேர்க்கும் தனிவாத்தியாரைக் கிண்டலாக ‘கோச்’ என்றார்கள். அந்தக் கிண்டல்தான் இன்று விளையாட்டு மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டு நிற்கிறது.

‘ஷாம்பூ’ இந்திச் சொல்லா?

ஆமாம், இந்தி. ‘சாம்போ’, பிடித்துவிடு, அமுக்கு என்ற ஏவல். பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டனில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் நடத்தினார். அப்போது ‘ஷாம்பூ’ என்றால் அதுதான். தலை கழுவும் பொருள் பின்னால் வந்தது.

கடன் வாங்கிய சொல் திரும்பிப் போவதுண்டா?

போகும், அடையாளம் தெரியாமல் போகும். பிரெஞ்சின் ‘பூஜெத்’ ஒரு சின்னத் தோல்பை. ஆங்கிலத்துக்கு வந்து நிதியமைச்சர் கையில் ‘பட்ஜெட்’ ஆகி, அதே கோலத்தில் பிரான்சுக்குத் திரும்பிவிட்டது. ‘காரா’ என்றால் ஜப்பானிய மொழியில் வெறுமை. ‘ஓகே’ என்பது ஆங்கில ‘ஆர்கெஸ்ட்ரா’வை ஜப்பானியர் வாய் சுருக்கியது. ‘காரோகே’, ஆளில்லா வாத்தியக்குழு. ‘எமோஜி’யை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ‘எ’ படம், ‘மோஜி’ எழுத்து. ‘எமோஷன்’ என்பதோடு அதற்குத் தொடர்பே கிடையாது.

இத்தனை கடனை எதிர்த்து அங்கே யாரும் குரல் கொடுக்கவில்லையா?

கொடுத்தார்கள். 1557இல் ஜான் சீக் என்ற அறிஞர், நம் மொழியைப் பிறமொழிக் கலப்பில்லாமல் தூய்மையாக எழுத வேண்டும் என்று கடிதம் எழுதினார். ‘தூய்மையாக’ என்பதற்கு அவர் போட்ட சொல் ‘ப்யூர்’. அது பிரெஞ்சு. 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் பார்ன்ஸ் என்ற கவிஞர் ‘ஃபோட்டோகிராஃப்’ வேண்டாம், ‘சன்-பிரிண்ட்’ என்று சொல்வோம் என்றார். அழகான சொல்தான். எடுபடவில்லை.

‘கடன் சொல்’ என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்கிறார்கள்?

‘லோன்வேர்ட்’. ஜெர்மன் மொழியின் ‘லேன்வோர்ட்’ என்பதைத் துண்டுதுண்டாக மொழிபெயர்த்துச் செய்தது. இப்படி மொழிபெயர்த்துச் செய்வதற்கு மொழியியலில் ‘கால்க்’ என்று பெயர். அதை மட்டும் மொழிபெயர்க்காமல் பிரெஞ்சிலிருந்து அப்படியே தூக்கிவந்துவிட்டார்கள்.